மாங்காட்டுத் தெர்ல

அம்பத்தூர் வானோக்குச் சங்கத்தில் ஆள் பதினொன்று, அபிப்பிராயம் பன்னிரண்டு. ஓ.டி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அறை. மாதத்தில் ஒரு ஞாயிறு கூட்டம். அறையில் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், மூன்று டெலஸ்கோப், தலைவர் மணவாளன். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். மணவாளன் மட்டும் அங்கேயே முளைத்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அவர் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். வானத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது என்று அவரே சொல்வார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஆயிரத்து எழுநூற்று அறுபதுகளில் லண்டன் ராயல் சொசைட்டிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான். வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போவதைப் பார்க்க உலகத்தின் நாலு மூலைக்கும் ஆள் அனுப்பினார்களே, அதற்குக் கமிட்டி எப்படிக் கூடியது, யாரை எங்கே அனுப்புவது என்று எப்படி முடிவு செய்தார்கள், கையில் என்ன உத்தரவு எழுதிக் கொடுத்தார்கள், போன கடிகாரம் திரும்பி வந்து அடுத்த கப்பலில் எப்படி ஏறியது என்று ஆரம்பித்தால் போதும், மனிதர் டீ ஆறுவதைக்கூடக் கவனிக்க மாட்டார்.

கேட்டுக்கொண்டிருந்தால் பரவாயில்லை. சங்கத்தையே அப்படி நடத்துவார். பதினோரு பேர் ஏலகிரிக்கு வேன் பிடித்துப் போவதற்குக் கூட ஒரு கமிட்டி, அந்தக் கமிட்டிக்கு ஒரு தீர்மானம். "நோக்காளர்", "நிலையம்", "பயணக் கட்டளை" என்றெல்லாம் வார்த்தைகள் வைத்திருந்தார். ஒரு மொட்டை மாடியில் டெலஸ்கோப் முக்காலியை நட்டால் அது நிலையம், அங்கே பார்ப்பவர் நோக்காளர், அவர் பார்த்துச் சொல்வது நோக்கல். "நீங்களும் ஒரு நிலையத்துக்குப் போகலாமே சார்" என்று யாராவது கேட்டால், "லண்டன்ல தலைவர் கப்பல் ஏறினாரா? நான் எதுக்கு மாடி ஏறணும்?" என்பார்.

செயலாளர் ஞானசேகரன். கருவிகளுக்குப் பொறுப்பும் அவன்தான். சாத்தூர்க்காரன், பிழைப்புக்கு இங்கே வந்து இருபது வருஷம் ஆகிறது. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறான். ஒரு நட்டு வெளியே போனால் அது திரும்பி வரும்வரை தூக்கம் வராத ஜாதி. மணவாளன் லண்டன் கதைகளில் அவனுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. வெள்ளியைப் பார்க்க தூரத்துத் தீவொன்றுக்குப் போனவர்களின் கோணமானியை அந்த ஊர்க்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். துரத்திப் போய், மலை ஏறி, துண்டு துண்டாக மீட்டுக்கொண்டு வந்தார்களாம். அந்தக் கதை வரும்போதெல்லாம் ஞானசேகரன் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவான். "முழுசாத்தானே சார் கிடைச்சது?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

சங்கத்தின் மூன்று டெலஸ்கோப்பில் பெரியது ஆறு அங்குலம். உறுப்பினர்கள் அதற்கு வைத்த பெயர் பெரியவர். "பெரியவர் இன்னிக்கு வெளிய வர்றாரா?" "பெரியவருக்குத் தூசி ஆகாது." இப்படித்தான் பேச்சு. பெரியவர் யார் வீட்டில் இருக்கிறாரோ அவருக்குச் சங்கத்தில் தனி மரியாதை. இதற்கும் மணவாளன் ஒரு விதி வைத்திருந்தார். ஒரு பயணத்தில் செல்லுபடியாகும் நோக்கல் கொடுத்தவருக்கே அடுத்த பயணத்திலும் கருவி. கொடுக்காதவர் பழையபடி உதவியாள். அதாவது ஃபிளாஸ்கில் டீ கொண்டு வருவது, கொசுவத்தி ஏற்றுவது.

ஞானசேகரனின் மனைவி ரேவதி நான்கு வருஷமாக உதவியாள்.

அவள் மாங்காட்டுக்காரி. அப்பா காலம் வரைக்கும் பயிர் வைத்த குடும்பம், இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அண்ணன் ஜெகன் மட்டும் கோயிலுக்குப் பின்தெருவில் பழைய இடத்தில் மூன்று மாடி கட்டிக்கொண்டு இருக்கிறான். ரேவதிக்கு வேலை கார் பிரேக் பாகம் செய்கிற கம்பெனியில், தரம் பார்க்கிற பிரிவில். புருஷன் சங்கம் சங்கம் என்று போகிறானே, அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க வந்தவள். வந்த அன்றைக்குச் சனியின் வளையத்தைக் காட்டினார்கள். "அடி ஆத்தா, நெஜம்மாவே கீதே!" என்று கத்திவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு கூட்டம் விட்டதில்லை. பெரியவரைத் தனியாக ஒரு தடவையாவது தன் கையில் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசை என்றால் சின்ன ஆசை இல்லை. கூட்டம் முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது முதுகுக்குப் பின்னால் இருந்து அதே பேச்சுதான் வரும்.

"உங்க கமிட்டி ஹேமநாதன் போன தபா ஃபோகஸே பண்ணல. அவர் கைல குட்த்தீங்க. நான் இன்னா, கண்ணு இல்லாதவளா?"

"கமிட்டி முடிவு பண்ணணும்லா."

"கமிட்டின்னா யாரு? நீங்க, அவரு, மணவாளன் சாரு. மூணு பேரு உக்காந்து டீ குடிக்கிறீங்க. அந்த டீயும் நான் போட்டது."

ஞானசேகரன் ஹெல்மெட்டுக்குள் காது கேட்காத மாதிரி வண்டி ஓட்டுவான்.

இந்த ஜனவரியில், பொங்கல் கழிந்து, ஒரு வாய்ப்பு வந்தது. ஒரு சிறுகோள் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் போகப்போகிறது. போகும்போது நட்சத்திரம் ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு நொடி மறைந்து மறுபடி தெரியும். அந்த மறைப்பின் நிழல் பூமியில் ஒரு பட்டையாக விழும். அந்தப் பட்டை இந்தத் தடவை நேராக நம் தலை மேலேயே வருகிறது என்று ஹேமநாதன் லேப்டாப்பில் வரைபடம் காட்டினான். வடக்கு ஓரம் ஆவடிக்கு மேலே, தெற்கு ஓரம் மாங்காட்டுப் பக்கம். நான்கு இடத்தில் ஆள் நின்று, எங்கே எத்தனை நேரம் மறைந்தது என்று சொன்னால், யாரும் பார்த்திராத அந்தக் கல்லின் அகலத்தையும் வடிவத்தையும் கணக்குப் போட்டுவிடலாம்.

"கரும்பு தின்னக் கூலியா!" என்றார் மணவாளன். அவருடைய லண்டன்காரர்கள் செய்ததும் இதுதான். ஒரே காட்சியைப் பல இடத்திலிருந்து பார்த்து, நேரத்தை ஒப்பிட்டு, தூரத்தை அளப்பது. அவர்கள் கடல் தாண்டினார்கள், நாம் பூந்தமல்லி பைபாஸ் தாண்டினால் போதும்.

கமிட்டி கூடியது. பட்டாபிராமில் சம்பந்தம், ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. அம்பத்தூரில் ஞானசேகரன். வேலப்பன்சாவடியில் தன் அடுக்குமாடிக் கூரையில், தன் சொந்த டெலஸ்கோப்போடு ஹேமநாதன். மாங்காடு ஓரத்து நிலையம், அங்கே மறைந்தாலும் மறையலாம், மறையாமலும் போகலாம். அதனால் அங்கேதான் நல்ல கருவி வேண்டும், பெரியவர் போக வேண்டும் என்றார் மணவாளன். யார் போவது என்று வந்தபோது, டீ கொண்டு வந்த ரேவதி தட்டை மேஜையில் வைத்துவிட்டு நகரவில்லை.

"எங்க அண்ணன் ஊட்டு மாடி. நான் போறேன் சார்."

ஹேமநாதன் சேலத்துக்காரன், ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை. கெட்டவன் இல்லை, ஆனால் மனதில் பட்டதை வடிகட்டாமல் சொல்கிறவன். "செயலாளர் வீட்டம்மான்னு கொடுத்தா நாலு பேர் பேசுவாங்க. அதுவும் ஓரத்து ஸ்டேஷன். சொதப்பினா மொத்தமும் போயிரும்" என்றான்.

"சொதப்பினா எங்கிட்ட இருந்து வாங்கிக்கோ. நான் மறுபடி டீ போட்றேன்" என்றாள் ரேவதி.

மணவாளன் சிரித்துவிட்டார். ரேவதிக்கு மாங்காடு. ஏப்ரலில் ஜவ்வாது மலைப் பக்கம் இன்னொரு மறைப்பு இருந்தது. மாங்காட்டு நோக்கல் செல்லுபடியானால், பெரியவரோடு மலைக்கும் அவளே போவாள். இது எல்லாருக்கும் கேட்கத் தீர்மானமானது.

பிறகு பயணக் கட்டளை. மணவாளன் எழுந்து நின்று வாசித்தார். ஆளுக்கொரு செல்போனில் நொடிக்கு ஒரு 'டிக்' சத்தம் ஓட வேண்டும், இன்னொரு செல்போனில் குரல் பதிவாக வேண்டும். நட்சத்திரம் மறைந்தால் "போச்சு". திரும்பினால் "வந்துச்சு". மறையவே இல்லை என்றால் கடைசியில் "மறையல". இந்த மூன்று வார்த்தை தவிர வேறு பேசக்கூடாது. பதிவைத் தலைவருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். கூட்டம் வரை ஒரு நோக்காளர் இன்னொருவரிடம் என்ன பார்த்தேன் என்று மூச்சு விடக்கூடாது.

"அந்தத் தீவுல பக்கத்துப் பக்கத்துல நின்னு பார்த்தவங்களுக்கே நேரம் ஒத்துப்போகலை. ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. பேசி வெச்சுச் சரி பண்ணிக்கலை, அப்படியே அச்சடிச்சாங்க. அதுதான் சங்கம்" என்றார்.

"புருஷன் பொண்டாட்டிக்கும் இந்த விதியா சார்?" என்று சம்பந்தம் கேட்டார்.

"அவங்களுக்குத்தான் முக்கியமா."

அன்றைக்குக் காலையில் பெரியவரை மாங்காட்டுக்குக் கொண்டு போனது தனிக்கதை. ஜெகனின் வண்டியில் பின் சீட்டில் மெத்தை விரித்து, மெத்தைக்கு மேல் போர்வை, போர்வைக்கு மேல் பெரியவர், பெரியவருக்கு சீட் பெல்ட். குமணன்சாவடி சிக்னலில் ஒரு மாட்டுக்காக பிரேக் போட்டதற்கு ஞானசேகரன் மச்சானைத் திட்டிய திட்டில் மாடு கூட ஒதுங்கிக்கொண்டது. "மாமே, இன்னா மாமே, உள்ள இருக்குறது டெலஸ்கோப்பா, மாங்காட்டு அம்மனா?" என்றான் ஜெகன். மாடியில் இறக்கி வைத்து, கண்ணாடியைத் தொடாதே, மூடியைக் கீழே வைக்காதே, பிள்ளைகளை ஏறவிடாதே என்று ரேவதிக்கு வரிசையாகச் சொல்லிவிட்டு ஞானசேகரன் கிளம்பினான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சந்தோஷமும் பயமுமாக முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

சாயங்காலம் வானம் தெளிவாக இருந்தது. ஏழரை மணிக்கு ஞானசேகரன் அம்பத்தூர் மாடியில் சின்ன டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றான். டிக் டிக் என்று சத்தம். நட்சத்திரம் சாதுவாக இருந்தது. திடீரென்று யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி இல்லாமல் போனது. "போச்சு!" என்றான். வாய் மூடுவதற்குள் வந்துவிட்டது. "வந்துச்சு!" அவ்வளவுதான். யாரும் பார்க்காத ஒரு கல் தன் தலைக்கு மேல் போய்விட்டது என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது அவனுக்கு. உடனே ரேவதிக்கு போன் போடக் கை போனது. விதி ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான்.

அவள் ஒன்பது மணிக்கு ஜெகனோடு பெரியவரைக் கொண்டு வந்து இறக்கினாள். முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"சாப்ட்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு. நீ?"

"அண்ணன் ஊட்ல."

அதோடு சரி. அன்றைக்கு வியாழன். கூட்டம் ஞாயிறு. இடையில் இருந்த நாட்களை ஞானசேகரன் எப்படிக் கடத்தினான் என்பது அவனுக்குத்தான் வெளிச்சம். ஒரே வீடு, ஒரே சமையலறை, கேட்கக்கூடாது. சட்னி அரைக்கும்போது அவள் முதுகைப் பார்ப்பான். மறைந்ததா? மறையவில்லையா? முதுகிலிருந்து என்ன தெரியும்? வெள்ளிக்கிழமை இரண்டு தோசை கருகியது. வழக்கமாக அவள் தோசையைக் கருக விடுகிறவள் இல்லை. அப்படியானால் மனசு சரியில்லை, அப்படியானால் போச்சு என்று அவனாக ஒரு கணக்குப் போட்டான். சனிக்கிழமை துணி மடித்தபடி ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். அப்படியானால் நன்றாகத்தான் நடந்திருக்கிறது என்று கணக்கை அழித்தான்.

"இன்னா, ரெண்டு நாளா என் மூஞ்சியவே பாத்துகினு கீறீங்க? புதுசா எதுனா மொளச்சிகீதா?"

"ஒண்ணுமில்ல."

"கேக்கணும்னா கேளுங்க. நான் சொல்ல மாட்டேன். ஆனா கேளுங்க."

"விதி இருக்குல்லா."

"ஆமா, பெரிய விதி" என்று போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒருவருடைய பதிவு ஓடும்போது அந்த நோக்காளர் மட்டும் வெளியே படிக்கட்டில் நிற்க வேண்டும். குரலைக் கேட்டு அவர் முகம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது பாருங்கள். பட்டாபிராம் ஓடியது. சம்பந்தத்தின் குரல் கொடி அசைக்கிற மாதிரி கணீரென்று "போச்சு" என்றது, "வந்துச்சு" என்றது. அம்பத்தூரும் வேலப்பன்சாவடியும் அப்படியே. மூன்றும் அழகாகப் பொருந்தின. ஹேமநாதன் லேப்டாப்பில் மூன்று கோடுகள் விழுந்தன. ஒரு கல் லேசாக உருவெடுத்தது.

"இப்ப மாங்காடு" என்றார் மணவாளன். ரேவதி எழுந்து வெளியே போய் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டிக் டிக் என்று ஓடியது. பின்னால் எங்கோ கோயில் ஒலிபெருக்கி, யார் வீட்டிலோ குக்கர் விசில். ரேவதி மூச்சு விடுவது கேட்டது. டிக், டிக், டிக். பிறகு ஒரு வார்த்தை.

"தெர்ல."

மறுபடியும் டிக் டிக் என்று ரொம்ப நேரம் ஓடி நின்றது. போச்சு இல்லை, வந்துச்சு இல்லை, மறையல இல்லை.

"தெர்லயா?" என்றார் மணவாளன்.

மறுபடி போட்டார்கள். தெர்ல. ஹேமநாதன் நேரத்தைக் குறித்துக்கொண்டு துள்ளினான். "சார், டைம் சரியா உட்காருது! 'நட்சத்திரம் தெரியலை'ன்னு சொல்றாங்க. அதாவது மறைஞ்சிருச்சு. போச்சுன்னு சொல்ல வேண்டியதை டென்ஷன்ல தெரியலைன்னு சொல்லிட்டாங்க!" லேப்டாப்பில் நாலாவது கோட்டைப் போட்டான். கல் சட்டென்று தெற்கே நீண்டு, வேர்க்கடலை போல ஆகிவிட்டது. "பாருங்க சார் ஷேப்பை! இதுவரைக்கும் யாரும் நினைக்காத ஷேப். இது பெரிய விஷயம் சார்."

சம்பந்தம் ஒத்துக்கொள்ளவில்லை. "இல்லப்பா. அந்தப் பொண்ணு 'என்னன்னு புரியலை'ங்குது. சிக்னல் சிகப்பா பச்சையான்னு தெரியலன்னு நாங்க சொல்வமே, அது மாதிரி."

"மறைப்பு ஏதும் கண்ணுக்குத் தெரியலைன்னும் இருக்கலாமே" என்றார் மணவாளன். "அப்படின்னா மறையலைன்னு அர்த்தம். நேர் எதிர்."

ஒரு வார்த்தைக்கு மூன்று அர்த்தம். மறைந்தது, மறையவில்லை, அறியேன். ஏழு தடவை போட்டுக் கேட்டார்கள். "கடைசியில கொரல் ஏறுது", "இல்ல, இறங்குது" என்று சண்டை வந்தது. வெள்ளைக்காரனுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அவன் பாஷையில் மூன்றுக்கும் மூன்று வார்த்தை என்று மணவாளன் அலுத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஹேமநாதன் ஞானசேகரன் பக்கம் திரும்பினான். "ஏன் சார் நாம அடிச்சுக்கணும்? பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்துறவர் இங்கேயே இருக்காரே. நீங்க சொல்லுங்க. உங்க வீட்டம்மா சொல்றது எந்தத் தெர்ல?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

ஞானசேகரனுக்கு அந்த வார்த்தை தெரியாதா? கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறான். "வண்டிச் சாவி எங்க?" என்றால் தெர்ல. நீயே தேடு என்று அர்த்தம். "பொங்கலுக்கு சாத்தூர் போகலாமா?" தெர்ல. வர மாட்டேன் என்று அர்த்தம். "கோவமா இருக்கியா?" தெர்ல. ஆமாம் என்று அர்த்தம். ஆனால் செல்போனில் வந்தது இதில் எதுவும் இல்லை. இருட்டில் தனியாக நின்று, யாருக்கும் இல்லாமல் அவள் சொன்ன தெர்ல. அதை அவன் கேட்டதே இல்லை.

மறைந்தது என்று சொன்னால் போதும். ஹேமநாதனுக்குப் புது வடிவம், சங்கத்துக்குப் பெயர், ரேவதிக்குப் பெரியவர், ஜவ்வாது மலை. நான்கு வருஷ ஆசை. யாருக்கும் நஷ்டம் இல்லை. அவன் சொன்னால் யாரும் மறுத்துப் பேசவும் மாட்டார்கள். வாயைத் திறந்தும் விட்டான். ஆனால் கண்ணால் பார்க்காத சரக்கு உள்ளே வந்ததாக அவன் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை.

"தெரியலைங்க" என்றான்.

அறை வெடித்துச் சிரித்தது. சம்பந்தத்துக்கு இருமலே வந்துவிட்டது. ஞானசேகரனுக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. அவள் என்ன பார்த்தாள் என்று தெரியாததுகூடப் பரவாயில்லை. அவள் குரலே தெரியவில்லையே, அடச்சே என்று இருந்தது.

"அவளையே கூப்பிட்டுக் கேக்கலாம் சார்" என்றான்.

"பதிவைத் திருத்தக் கூடாது. ஆனா விளக்கம் கேக்கலாம்" என்றார் மணவாளன். "செயலாளர்தான் கேக்கணும். கேள்வியில பதில் இருக்கக் கூடாது."

ரேவதி வந்து உட்கார்ந்தாள். சிரித்ததை வெளியே கேட்டிருப்பாள் போல, முகம் இறுகியிருந்தது. ஞானசேகரன் பேனாவை எடுத்துக்கொண்டான். பொண்டாட்டியை எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு கணம் குழம்பினான். பிறகு செயலாளராகவே கேட்டான்.

"நீங்க அன்னிக்கு மாங்காட்டுல என்ன பார்த்தீங்க?"

அவன் வாயிலிருந்து அந்த 'நீங்க' வந்ததைக் கேட்டு ரேவதி நிமிர்ந்து பார்த்தாள். கிண்டலா என்று பார்த்தாள். கிண்டல் இல்லை. சொல்ல ஆரம்பித்தாள்.

"ஏழு மணிக்கெல்லாம் கண்ண வெச்சிட்டேன். மொதல்ல அது வெறும் புள்ளியா இருந்துச்சு. பாத்துகினே இருந்தா லேசா மஞ்சளா தெரிஞ்சுது. பக்கத்துல இன்னும் ரெண்டு சின்னது, முக்கோணமா. கீழ அண்ணி கொழம்பு தாளிக்கிற வாசன. நான் அந்தண்ட இந்தண்ட பாக்கல. நேரம் கிட்ட வந்துச்சு. இப்பப் போயிடும், இப்பப் போயிடும்னு கண்ண சிமிட்டாம நின்னேன். சிமிட்டாம நின்னா இன்னா ஆவும்? தண்ணி கட்டிக்கிச்சு. தாங்க முடியாம ஒரு சிமிட்டு. அந்த நேரத்துல பாத்தா நட்சத்திரம் இல்ல. அடுத்த செகண்டே கீது. வானத்துல போச்சா, என் கண்ணுல போச்சா? அதான் தெர்லன்னு சொன்னேன். போச்சுன்னு சொல்ல வாய் வந்துச்சு. மறையலன்னு சொல்லவும் வந்துச்சு. ரெண்டும் எனக்குத் தெர்ல சார்."

ஞானசேகரன் ஒரு வார்த்தை விடாமல் எழுதினான். கொழம்பு வாசனையையும் எழுதினான்.

ஹேமநாதன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். "அக்கா, இதைப் பாருங்க. நீங்க சொன்ன நேரம் அப்படியே பொருந்துது. சிமிட்டினது தற்செயல். மறைஞ்சிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சும்மா ஆமான்னு சொல்லுங்க, உங்க பேர் முதல்ல வரும்."

ரேவதி திரையில் இருந்த வேர்க்கடலையை நன்றாகப் பார்த்தாள். மூலையில் துணி போர்த்தியிருந்த பெரியவரையும் பார்த்தாள்.

"எங்க கம்பெனில பாகம் வந்தா மூணு டேக் கீது. நல்லது பச்ச, கெட்டது சிகப்பு. ரெண்டும் சொல்ல முடியலன்னா மஞ்ச. மஞ்ச போட்டா சூபர்வைசர் கத்துவான். லைன் நிக்குது, எதுனா ஒண்ணு போடுன்னுவான். போட்டுட்டா, அந்த பிரேக்க நம்பி ஒருத்தன் வண்டி ஓட்டுவான். நாளிக்கு எவனோ ஒருத்தன் இந்தக் கல்ல கணக்கு போடுவான்ல? அவன் என்ன நம்பித்தான போடுவான்? மஞ்சதான் சார். மாத்த மாட்டேன்."

மணவாளன் கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். லண்டன் கதை ஒன்று வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. "மாங்காடு, ஐயம். நோக்காளர் சொன்னது சொன்னபடியே அறிக்கையில போகும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா விதிப்படி இது செல்லுபடியான நோக்கல் ஆகாதும்மா. ஏப்ரலுக்குப் பெரியவர் ஹேமநாதன்கிட்ட போகணும்" என்றார்.

"சரி சார்" என்றாள் ரேவதி. சொல்லிவிட்டு எழுந்து போய், பெரியவர் மேல் விலகியிருந்த துணியை இழுத்து விட்டாள். ஹேமநாதனுக்கே அதைப் பார்க்கச் சங்கடமாகிவிட்டது. கல்லை மூன்று கோட்டுக்குச் சுருக்கிவிட்டு லேப்டாப்பை மூடினான்.

ஞானசேகரனும் ரேவதியும் பெரியவரைக் கீழே கொண்டு வந்து ஹேமநாதன் காரில் ஏற்றிவிட்டார்கள். ஜெராக்ஸ் கடை பூட்டியிருந்தது. ஞானசேகரன் ஸ்கூட்டரை எடுக்காமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"உள்ள என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. எங்கிட்ட கேட்டாங்க, இது எந்தத் தெர்லன்னு. மறைஞ்சுதுங்கிற தெர்லதான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பெரியவரு இந்நேரம் நம்ம வீட்டுல இருந்திருப்பாரு. எனக்குச் சொல்ல வரலை. மன்னிச்சுக்கோ."

ரேவதி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு இருந்துருப்பாரு. நான் சொல்லாதத சொல்லி வாங்கியிருந்தா, நான் இருந்துருக்க மாட்டேன்" என்றாள். "வண்டிய எடுங்க. உங்க நட்சத்திரம் எப்டி போச்சுன்னு நீங்க இன்னும் எனக்கு சொல்லவே இல்ல."